பாய்லர் ஓடுகிறது, வீடு குளிர்கிறது, பில் ஏறுகிறது: எங்கே பார்ப்பது?

பிரிட்டனில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு ஹீட்டிங் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்: சமையலறை அலமாரிக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி, ஹால் சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். குளிர்ந்தால் கூட்டு, புழுங்கினால் குறை. பல வருடம் இருந்தவர்கள்கூட அதைத் தாண்டிப் போவதில்லை. பாய்லரை மாட்டியவர் வைத்துவிட்டுப் போன எண்களிலேயே பத்து வருடம் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. அந்த எண்களில் ஒன்றை மட்டும் மாற்றினால் கேஸ் செலவு குறையும், வீடும் ஒரே சீராகக் கதகதப்பாக இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது கேஸில் ஓடும் காம்பி பாய்லருக்கானது. அதாவது தனியாகச் சுடுதண்ணீர்த் தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்ததும் தண்ணீரைச் சூடாக்கித் தரும் வகை. தொட்டி உள்ள வீடுகளுக்கு மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். முதல் இரண்டு பகுதிகளை எல்லோரும் படித்துவிடுங்கள். அப்புறம் உங்கள் வீட்டில் என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

கை வைப்பதற்கு முன்

கேஸ் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து, எட்டினால் மீட்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பி மூடி, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 0800 111 999 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு இன்னும் ஆபத்து, ஏனென்றால் அதற்கு வாடையே கிடையாது. வீட்டுக்குள் இருக்கும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல். வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து விடாதீர்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து, வாடகை வீட்டில் பாய்லர் இருக்கும் அறையில் இதற்கான அலாரம் வைப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. வருடத்துக்கு ஒருமுறை கேஸ் பரிசோதனை செய்து சான்றிதழின் நகலை உங்களிடம் தருவதும் அவர் கடமைதான். வரவில்லை என்றால் கேளுங்கள்.

பாய்லரின் மேல் உறையைக் கழற்றக்கூடாது. அது கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் அதிகாரப்பூர்வப் பட்டியல்) பதிவேட்டில் உள்ளவரின் வேலை. வருபவரிடம் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பதில் தவறே இல்லை. அட்டையின் பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைகளுக்குத் தகுதி பெற்றவர் என்பதும் இருக்கும். இங்கே நான் சொல்பவை எல்லாம் உறைக்கு வெளியே செய்யக்கூடியவை.

மூன்று எண்கள், மூன்று வேலைகள்

தெர்மோஸ்டாட்டில் 20 என்று வைத்தால் அது அறைக் காற்றின் சூடு. பாய்லரின் முகப்பில் ரேடியேட்டர் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். பழைய மாடலில் ஒரு குமிழ் இருக்கும். அது ரேடியேட்டர்களுக்கு அனுப்பப்படும் தண்ணீரின் சூடு. இதைத்தான் ஃப்ளோ டெம்பரேச்சர் என்பார்கள். தண்ணீர்க் குழாய் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது கை கழுவ, குளிக்க வரும் சுடுதண்ணீருக்கு. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஃப்ளோ எண் ஏன் முக்கியம்? கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அந்த ஆவி குழாய் வழியே வெளியே போய்விட்டால் அதோடு வெப்பமும் போய்விடும். கண்டென்சிங் பாய்லர் அந்த ஆவியை உள்ளேயே குளிர்வித்துத் தண்ணீராக்கி, அது விடும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாகப் பொருத்தப்படும் கேஸ் பாய்லர்கள், சில விதிவிலக்குகள் தவிர, இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி தண்ணீராகும். எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவு நல்லது. 80 டிகிரியில் அனுப்பினால் 60, 65 என்று திரும்பி வரும். அப்போது 90 சதவீதத்துக்கு மேல் திறன் என்று பெட்டியில் ஒட்டியிருக்கும் பாய்லர், அந்தத் திறனைக் காட்டவே முடியாது.

உங்கள் பாய்லர் இதைச் செய்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். பாய்லரின் அடியிலிருந்து பிளாஸ்டிக் குழாய் ஒன்று சாக்கடைக்கோ சிங்க்கின் கழிவுக் குழாய்க்கோ போகும். ஹீட்டிங் அரை மணி நேரம் ஓடிய பிறகு அதன் வாயில் தண்ணீர் விட்டு விட்டு வழிந்துகொண்டே இருந்தால் ஆவி தண்ணீராகிறது என்று அர்த்தம். காய்ந்து கிடந்தால் காசு புகைக்குழாய் வழியே போகிறது.

அறிகுறி: வீடு கதகதப்பாகத்தான் இருக்கிறது, பில்தான் தாங்கவில்லை

நேராக ஃப்ளோ எண்ணுக்குப் போங்கள். 70, 75, 80 என்று இருந்தால் அதுதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. முதலில் 60-க்குக் குறைத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். வீடு சூடாகிறது என்றால் 55. வெளியே 8, 10 டிகிரி இருக்கும் நாட்களில் 50 போதும். நெஸ்டா என்ற அறக்கட்டளை 2022-இல் நடத்திய பிரசாரம், காம்பி வைத்திருப்பவர்கள் 60-க்குக் குறையுங்கள் என்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது. 2022 ஜூனில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த கட்டட விதியோ, புதிதாகப் போடும் ஹீட்டிங் அமைப்பை 55 அல்லது அதற்கும் குறைவான ஃப்ளோவுக்கு வடிவமைக்கச் சொல்கிறது.

குறைத்த அன்று வீட்டில் ஒரு குரல் எழும்: "ரேடியேட்டர் சூடே இல்லை, கெட்டுப்போச்சு!" தொட்டால் சுட வேண்டும் என்று பழகிவிட்டோம். 75 டிகிரியில் உள்ளங்கையை வைக்க முடியாது, 50-இல் வைத்துக்கொண்டே பேசலாம். நம்ப வேண்டியது ரேடியேட்டரை அல்ல, அறையில் இருக்கும் தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை. அது 20-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் எல்லாம் சரி. வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அறையை 18-க்குக் கீழே விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். நாம் குறைப்பது தண்ணீரின் சூட்டை, மனிதர்களின் சூட்டை அல்ல.

சுடுதண்ணீர்த் தொட்டி உள்ள வீட்டில் இதைக் கண்மூடித்தனமாகச் செய்யக்கூடாது. தொட்டித் தண்ணீர் 60 டிகிரியை எட்ட வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளரும். பல வீடுகளில் ஒரே ஃப்ளோதான் தொட்டிக்கும் ரேடியேட்டருக்கும் போகிறது. அங்கே 65-க்குக் கீழே போகாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி வெப்பநிலை தரும் கட்டுப்பாட்டைப் போட முடியுமா என்று என்ஜினியரிடம் கேளுங்கள்.

மிச்சமாகிறதா என்பதை பில்லைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அதில் விலை மாற்றமும் மதிப்பீடும் கலந்திருக்கும். தினமும் ஒரே நேரத்தில் மீட்டரைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் கேஸ் ஏறக்குறைய 11 யூனிட், அதாவது 11 கிலோவாட் மணி. பழைய மீட்டரில் நூறு கன அடிக் கணக்கு இருக்கும். அந்த எண்ணை 2.83-ஆல் பெருக்கினால் கன மீட்டர். வெளியே ஏறக்குறைய ஒரே குளிர் இருந்த நாட்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். 3 டிகிரி நாளையும் 10 டிகிரி நாளையும் ஒப்பிட்டால் எந்த உண்மையும் தெரியாது.

அறிகுறி: எரிகிறது, அணைகிறது, திரும்ப எரிகிறது

பாய்லர் முன்னால் ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். மின்விசிறி சுற்றும் சத்தம், 'டிக் டிக்' என்று பொறி, சுடர்ப் படம் வரும். எண் 48, 53, 58, 63 என்று ஓடும். வைத்த அளவைத் தாண்டியதும் சுடர் மறையும். பம்ப் மட்டும் முனகிக்கொண்டே இருக்கும். எண் மளமளவென்று இறங்கும். மூன்று நிமிடத்தில் திரும்ப முதலிலிருந்து. ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் விசிறி உள்ளே இருக்கும் சூடான காற்றை வெளியே தள்ளுகிறது, பாகங்களும் தேய்கின்றன. கார் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவது போலத்தான், தூரம் குறைவு, எரிபொருள் அதிகம்.

முதலில் யார் அணைக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். சுடர் மறையும் நொடியில் சுவர்த் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அது இன்னும் சூடு கேட்டுக்கொண்டிருக்க, பாய்லர் தானாக நிறுத்தினால் கோளாறு பாய்லர் பக்கம். தெர்மோஸ்டாட்டே நிறுத்தினால், அது மணிக்கு ஆறு முறை போட்டு அணைக்கும் வகையாக இருக்கலாம். பல தெர்மோஸ்டாட்டுகளில் அந்த எண்ணிக்கையை மூன்றாகக் குறைக்க அமைப்பு உண்டு. குறைத்துப் பாருங்கள், தீர்ந்துவிடும்.

பாய்லர் தானாக நிறுத்துகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அளவுப் பொருத்தமின்மை. காம்பியை வாங்கும்போது ஷவரை மனதில் வைத்து 24, 30 கிலோவாட் என்று போடுகிறார்கள். சாதாரண வரிசை வீட்டுக்குக் கடும் குளிரிலேயே 5 முதல் 8 கிலோவாட் போதும், இதமான நாளில் இரண்டு மூன்று. பாய்லரால் குறைந்தபட்சமே 5 கிலோவாட்டுக்குக் கீழே இறங்க முடியாது என்றால் மீதி வெப்பம் எங்கே போகும்? தண்ணீர் சட்டென்று சூடேறி, பாய்லர் நின்றுவிடும்.

இங்கேதான் சிக்கனம் என்று நினைத்து நாம் செய்யும் ஒரு காரியம் எதிராக வேலை செய்கிறது. எல்லா அறை ரேடியேட்டரையும் மூடிவிட்டு ஹாலில் ஒன்றை மட்டும் திறந்து வைப்பது. வெப்பம் போக வழியில்லாமல் பாய்லர் இன்னும் அடிக்கடி அணையும். ஆளில்லாத அறையைக் குறைவாக வையுங்கள், அடியோடு மூடாதீர்கள். அடுத்தது, ஹீட்டிங்குக்கான அதிகபட்சத் திறனைக் குறைப்பது. பெரும்பாலான பாய்லர்களில் இதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது, சுடுதண்ணீரின் வேகத்தை அது தொடாது. என்ஜினியர் சர்வீஸுக்கு வரும்போது, "ஹீட்டிங் பவரை வீட்டுக்குத் தேவையான அளவுக்கு இறக்கி வையுங்கள்" என்று சொன்னால் போதும். புரிந்தவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். வரும் எல்லோரும் இதைத் தானாகச் செய்வதில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஃப்ளோவை மிகவும் இறக்கியதாலும் இது வரலாம். 45-இல் ரேடியேட்டர்கள் வெளிவிடும் வெப்பம் பாய்லரின் குறைந்தபட்சத்துக்கும் கீழே போய்விட்டால் அணைந்து எரிவது கூடும். அப்போது 50, 55 என்று ஏற்றி, நீண்ட நேரம் எரியும் இடத்தைப் பிடியுங்கள்.

இதற்கு உண்மையான தீர்வு, பேசத் தெரிந்த தெர்மோஸ்டாட். சாதாரணமானது 'எரி', 'அணை' என்று இரண்டே சொல் சொல்லும். ஓப்பன்தெர்ம் போன்ற முறையில் இணைத்தது, "அறை இன்னும் அரை டிகிரிதான் குறைவு, 42-இல் அனுப்பு" என்று சொல்லும். ஸ்மார்ட் என்று விற்கும் பல தெர்மோஸ்டாட்டுகள் வெறும் சுவிட்சாகத்தான் இணைக்கப்பட்டிருக்கும். செயலியில் அழகான வரைபடம் வரும், பாய்லரோ முழு வேகத்தில்தான் ஓடும். வாங்கும் முன் உங்கள் பாய்லருக்கு எந்த முறை பொருந்தும் என்று கையேட்டில் பாருங்கள். சில நிறுவனங்கள் ஓப்பன்தெர்ம் தராமல் தங்களுக்கென்று தனி முறை வைத்திருக்கின்றன. வைலண்டின் ஈபஸ் அப்படித்தான்.

அறிகுறி: சில ரேடியேட்டர் கொதிக்கிறது, சிலது சில்லென்று இருக்கிறது

எங்கே குளிர்கிறது என்பதுதான் விடை.

மேலே குளிர், கீழே சூடு என்றால் காற்று பிடித்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் மூலையில் ஒரு சிறிய சதுர முனை இருக்கும். அதற்கான சாவியைக் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். அடியில் பழந்துணியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும். 'உஸ்' என்று காற்று வரும், அப்புறம் துப்பித் துப்பித் தண்ணீர் வரும், சீராக ஒழுகத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். சுவர்க் காகிதத்தில் கறுப்புத் தண்ணீர் பட்டால் போகவே போகாது, துணி பெரிதாக இருக்கட்டும். முடிந்ததும் பாய்லரில் அழுத்தம் இறங்கியிருக்கும், கீழே சொல்கிறபடி ஏற்றுங்கள். மாதத்துக்கு ஒருமுறை காற்று எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் எங்கேயோ கசிவு இருக்கிறது, அல்லது உள்ளே துரு பிடிக்கிறது.

கீழே நடுப்பகுதி குளிர், ஓரங்கள் சூடு என்றால் கறுப்புக் கசடு படிந்திருக்கிறது. துருப்பிடித்த இரும்பின் பொடிதான் அது. காற்று எடுத்துப் பயனில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்து, துருத் தடுப்பு மருந்து ஊற்றி, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி போட வேண்டும். இது என்ஜினியர் வேலை.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் அடியோடு குளிர் என்றால், அதுவும் கோடை முழுக்க மூடி வைத்திருந்து இப்போது திறந்தது என்றால், வால்வின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும். எண்கள் போட்ட தலையைத் திருகிக் கழற்றினால் நடுவில் மெல்லிய ஊசி தெரியும். தட்டையான எதையாவது வைத்து மெதுவாக அழுத்துங்கள், விட்டதும் மேலே எழ வேண்டும். எழாவிட்டால் பக்கவாட்டில் லேசாகத் தட்டிப் பாருங்கள். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்துவிட்டால் தண்ணீர் பீறிடும். கோடையில் வால்வுகளை முழுக்கத் திறந்தே வைத்தால் இந்தத் தொல்லை வராது.

பாய்லருக்குப் பக்கத்து ரேடியேட்டர்கள் கொதிக்க, மாடியின் கடைசி அறை மட்டும் எப்போதும் சோகையாக இருந்தால் சமன் செய்யப்படவில்லை. தண்ணீர் சுலபமான வழியில் ஓடிவிடுகிறது. ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும் பிளாஸ்டிக் மூடி போட்ட இன்னொரு வால்வு இருக்கும். பக்கத்தில் உள்ளதில் அதை முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறங்கள். அடுத்தடுத்ததில் அரை, முக்கால், ஒன்று என்று கூட்டிக்கொண்டே போய், கடைசி அறையில் முழுக்கத் திறந்து விடுங்கள். முன்பு எத்தனை சுற்று திறந்திருந்தது என்று குறித்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்று பாருங்கள். கண்டென்சிங் பாய்லருக்கு 15 முதல் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் நல்லது. ஃப்ளோ 50, 55 என்று குறைவாக வைத்திருந்தால் 10 டிகிரியே வரும், அது பரவாயில்லை. ஒரு நாள் மாலை பொறுமையாக உட்கார்ந்து செய்யும் வேலை. ஆனால் இதற்கு ஈடான பலன் தருவது, ஃப்ளோவைக் குறைப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்து ரேடியேட்டர் வழியே சூடான தண்ணீர் அப்படியே திரும்பி ஓடினால் பாய்லர் கண்டென்ஸ் ஆகவே வாய்ப்பில்லை.

அறிகுறி: தெர்மோஸ்டாட்டில் ஒன்று, அறையில் ஒன்று

30-க்குத் திருப்பினால் சீக்கிரம் சூடாகும் என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் நம்பிக்கை. ஆகாது. சாதாரணத் தெர்மோஸ்டாட் 20-க்கு எவ்வளவு வேகமோ 30-க்கும் அதே வேகம்தான். நிறுத்த மறந்துவிட்டால் வீணாவது மட்டும் கூடும்.

தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரேடியேட்டருக்கு மேலேயோ, வெயில் விழும் சுவரிலோ, அடுப்புக்குப் பக்கத்திலோ இருந்தால் அது சீக்கிரம் திருப்தியடைந்துவிடும், மற்ற அறைகள் குளிரும். வாசற்கதவுக்கு எதிரே இருந்தால் திருப்தியே அடையாது. அது இருக்கும் அறையின் ரேடியேட்டர் வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே அறையைக் கட்டுப்படுத்தினால் சண்டைதான் வரும். வால்வு 18-இல் மூடிக்கொள்ளும், தெர்மோஸ்டாட் 20 கேட்டு இரவு முழுக்கப் பாய்லரை ஓட்டும். சோபாவின் பின்னாலோ கனத்த திரைக்குப் பின்னாலோ மாட்டிக்கொண்ட வால்வும் இப்படித்தான், தன்னைச் சுற்றிய சூட்டை அறையின் சூடு என்று நினைத்து மூடிக்கொள்ளும்.

மூடிய அறைகளைப் பற்றி இன்னொன்று. நம் சமையலில் குக்கர் ஆவி, சாதம் வடித்த ஆவி என்று ஈரம் அதிகம். துணியையும் உள்ளேயே காயப்போடுகிறோம். அந்த ஈரம் வீட்டில் மிகக் குளிர்ந்த சுவரைத் தேடிப் போகும். அடியோடு மூடிய அறையின் மூலையில் கறுப்புப் பூஞ்சை வருவது அதனால்தான். அந்த அறை வால்வைப் பனிச்செதில் (உறைபனி) படத்தில் வைக்காமல் 2-இல் வையுங்கள். சமைக்கும்போது உறிஞ்சும் விசிறியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்துங்கள்.

அறிகுறி: ஃப்ளோவைக் குறைத்த பிறகு காலையில் வீடு சூடாகவே மாட்டேன் என்கிறது

இது கோளாறு இல்லை, கணக்கு. ரேடியேட்டரின் திறனை, அதன் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி அதிகம் என்று வைத்துத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்த வித்தியாசம் 40 ஆனால் முக்கால் பங்கு வெப்பம்தான் வரும், 30 ஆனால் பாதி. அதனால் குறைந்த ஃப்ளோவில் ஓட்டுபவர்கள் நேரத்தைக் கொடுக்க வேண்டும். ஏழு மணிக்குச் சூடு வேண்டுமென்றால் ஆறரைக்கு அல்ல, ஐந்தரைக்கே தொடங்க வேண்டும். இரவில் 20-லிருந்து 14-க்கு விழவிடாமல் 17-இல் (வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் 18-இல்) பிடித்து வைத்தால் காலையில் ஏற வேண்டியது மூன்று டிகிரிதான். வெப்பக் காப்பு நன்றாக உள்ள வீட்டில் 17-க்கே இறங்காமலும் போகலாம். வார இறுதிக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் நன்றாகக் குறைத்துவிட்டுப் போங்கள். 'நாள் முழுக்க ஓடவிடுவதுதான் எப்போதும் மலிவு' என்பது உண்மையல்ல.

ஒரே ஒரு அறைதான் குளிர்கிறது என்றால் அந்த அறைக்காக வீடு முழுவதற்கும் ஃப்ளோவை ஏற்றாதீர்கள். அங்கே இருக்கும் ஒற்றைத் தகடு ரேடியேட்டரை எடுத்துவிட்டு, அதே அகலத்தில் இரட்டைத் தகடு ஒன்றைப் போட்டால் தீரும்.

வெளியே ஆறு டிகிரி மாறும்போதெல்லாம் ஓடிப்போய் எண்ணை மாற்றச் சலிப்பாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. வடக்குச் சுவரில் ஒரு சென்சார் மாட்டினால், வெளிக் குளிரைப் பார்த்துப் பாய்லர் தானே ஃப்ளோவை முடிவு செய்யும். இங்கிலாந்தில் 2018 ஏப்ரலிலிருந்து புதுக் காம்பி பொருத்துபவர், திறனைக் கூட்டும் நான்கு வழிகளில் ஒன்றையாவது சேர்க்க வேண்டும் என்பது விதி. இது அவற்றில் ஒன்று. பெரும்பாலோர் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சென்சார்தான் நல்ல தேர்வு.

மாட்டிய பிறகு அதன் வளைகோட்டை வீட்டுக்குப் பொருத்த வேண்டும். வெளியே மைனஸ் 2 என்றால் 60, வெளியே 10 என்றால் 40 என்பது போல ஒரு கோடு. கடுங்குளிரில் மட்டும் வீடு குளிர்ந்தால் கோட்டின் சரிவைக் கூட்டுங்கள். இதமான நாளில் மட்டும் குளிர்ந்தால் சரிவைக் கொஞ்சம் குறைத்து, கோடு முழுவதையும் மேலே நகர்த்துங்கள். எப்போதுமே குளிர்ந்தால் சரிவைத் தொடாமல் நகர்த்தினால் போதும். ஒரு தடவைக்கு ஒரு படி, மாற்றிவிட்டு இரண்டு நாள் காத்திருங்கள். சுவர்கள் சூடேற நேரமாகும், அன்றன்றைக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது.

அறிகுறி: அழுத்தம் இறங்குகிறது, அல்லது தாறுமாறாக ஏறுகிறது

ஆறிய நிலையில் பாய்லரின் அழுத்தமானி முள் 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்க வேண்டும். குறைந்தால் பாய்லர் எரிய மறுக்கும். வைலண்ட் பாய்லரின் திரையில் எஃப் 22, ஐடியலில் எஃப் 1, பாக்ஸியில் ஈ 119 எல்லாம் இதைத்தான் சொல்கின்றன. பாய்லருக்கு அடியில் வெள்ளிநிறப் பின்னல் குழாய் இருக்கும், அல்லது ஒரு நெம்புகோல். வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, முள் 1.3 வந்ததும் இறுக்கமாக மூடுங்கள். மூட மறந்தால் பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும் வரை ஏறிக்கொண்டே போகும்.

வருடத்துக்கு ஓரிரு முறை ஏற்றுவது சாதாரணம். வாரத்துக்கு ஒருமுறை என்றால் கசிவைத் தேடுங்கள். ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு, தரையில் ஈரக்கறை. ஏற்றிக்கொண்டே இருப்பது தீர்வல்ல, ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் போய் உள்ளே துருவை வளர்க்கும்.

சூடானதும் 3 பாரைத் தொட்டு, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுந்தால் அது வேறு கதை. தண்ணீர் சூடாகி விரியும்போது இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று போயிருக்கிறது. விரிந்த தண்ணீர் பாதுகாப்பு வால்வு வழியே வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயில் கொட்டிவிடும். அந்தக் குழாயின் வாயில் பிளாஸ்டிக் பையைத் தொளதொளவென்று கட்டி வைத்து, மறுநாள் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததும் பையை எடுத்துவிடுங்கள். சேர்ந்திருந்தால் என்ஜினியரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். தேடும் நேரமும் கூலியும் மிச்சம்.

அறிகுறி: உறைபனிக் காலையில் பாய்லர் செத்துக் கிடக்கிறது

நேற்று வரை நன்றாக ஓடியது, இரவு பூஜ்யத்துக்குக் கீழே போனது, காலையில் பாய்லருக்குள் 'களக் களக்' சத்தம், பற்றவைக்க முயன்று தோற்றுப்போகிறது. மேலே சொன்ன பிளாஸ்டிக் கழிவுக் குழாய் வெளிச்சுவரில் போனால், அது உறைந்திருக்கும். தண்ணீர் போக வழியில்லாமல் பாய்லர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. எட்டும் உயரத்தில் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாய்மேல் மெதுவாக ஊற்றுங்கள், அல்லது வெந்நீர்ப் பையை வைத்துப் பிடியுங்கள். வளைவும் முனையும்தான் முதலில் உறையும். கொதிக்கும் தண்ணீர் கூடாது, குழாய் வெடிக்கும், கீழே வழிந்த தண்ணீர் உறைந்து வழுக்கும். ஏணி போட வேண்டிய உயரம் என்றால் விட்டுவிடுங்கள். உருகியதும் ரீசெட் பொத்தானை அழுத்தினால் பாய்லர் எழுந்துகொள்ளும். அடுத்த குளிருக்குள் அதை 32 மில்லிமீட்டர் குழாயாக மாற்றி, வெளியே தெரியும் பகுதிக்கு உறை போடச் சொல்லுங்கள். மெல்லிய குழாய்தான் முதலில் உறைகிறது.

அறிகுறி: யாரும் குழாயைத் திறக்கவில்லை, பாய்லர் தானாக எரிகிறது

ஹீட்டிங் அணைந்திருக்கும் ஜூலையிலும் மணிக்கொரு முறை பாய்லர் உறுமினால், சுடுதண்ணீர் உடனே வரவேண்டும் என்று உள்ளே கொஞ்சம் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும் அமைப்பு ஓடுகிறது. கம்ஃபர்ட், ப்ரீஹீட் என்று பாய்லருக்குப் பாய்லர் பெயர் மாறும். ஈக்கோ பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும். குழாயில் சூடு வர இன்னும் சில நொடி காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காம்பியில் குளியல் தண்ணீரை 60-இல் வைத்துப் பச்சைத் தண்ணீரைக் கலந்து குளிப்பதில் அர்த்தமில்லை. 48, 50 போதும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இது கேஸைவிடப் பெரிய விஷயம்.

என்ஜினியரைக் கூப்பிடும்போது

'பாய்லர் சரியில்லை' என்று சொல்லாமல், பார்த்ததைச் சொல்லுங்கள்: திரையில் வந்த எழுத்தும் எண்ணும், ஆறிய அழுத்தம், சூடான அழுத்தம், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அணைகிறது, எந்த ரேடியேட்டர் எந்தப் பக்கம் குளிர்கிறது. ஃபோனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்புங்கள். வாடகை வீடு என்றால் அதையே தேதியோடு எழுத்தில் ஏஜென்டுக்கு அனுப்புங்கள், தொலைபேசிப் பேச்சு எங்கும் பதிவாகாது.

சர்வீஸில் நான்கைக் கேளுங்கள். ஹீட்டிங் பவர் வீட்டுக்கு ஏற்றபடி இறக்கப்பட்டதா, எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று சரியா, காந்த வடிகட்டி கழுவப்பட்டதா, தண்ணீரில் துருத் தடுப்பு மருந்து போதுமா. முடித்துவிட்டுப் போகும் முன் ஃப்ளோ எண்ணை நீங்களே ஒருமுறை பாருங்கள். சோதனைக்காக ஏற்றியதை அப்படியே 75-இல் விட்டுவிட்டுப் போவது அடிக்கடி நடக்கும். நாளையும் யோசித்துக் குறியுங்கள். அக்டோபர் கடைசியில் ஊரே ஒரே நாளில் ஹீட்டிங்கைப் போடும், எல்லோரும் ஒரே ஆளைக் கூப்பிடுவார்கள். ஆகஸ்டில் கூப்பிட்டால் அவரே அவசரமில்லாமல் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போவார்.